ஆடிக் காற்றில் இமைமுடி

உடுமலையில் இமைமுடிக்கு வேலை அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி முழுக்க இந்தப் பக்கம் ஓயாது. ஊரைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். காற்றோடு புழுதி வரும். மில் பக்கம் போனால் பஞ்சும், தென்னைநார்ப் பட்டறைப் பக்கம் போனால் நார்த்தூளும் சேர்ந்துகொள்ளும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரில் இமைமுடியில் செயற்கை இழை ஒட்டும் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்ளப் போகிறவர், அழகைப் பற்றி யோசிக்கும் முன் நீளத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் கண்களை அளந்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விலங்கு எதுவானாலும், இமைமுடியின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. பிறகு செயற்கைக் கண் ஒன்றைச் செய்து காற்றுக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு நீளத்தில்தான் கண்ணின் ஈரம் உலர்வதும் தூசி படிவதும் மிகக் குறைவாக இருந்தன. முடியே இல்லாத கண்ணோடு ஒப்பிட்டால் பாதி வரை குறைந்தது. முடி அதைவிட நீண்டபோது பலன் தலைகீழானது: வெளியே போக வேண்டிய காற்றை முடியே வளைத்துக் கண்ணுக்குள் அனுப்பியது. நம் கண் திறப்பின் அகலம் சுமார் 30 மில்லிமீட்டர். மேலிமை முடியின் நீளம் 8 முதல் 12 மில்லிமீட்டர். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, எனக்குப் பதினஞ்சு எம்.எம். வைங்க" என்று கேட்கும் பெண்ணிடம், "வேண்டாம் கண்ணு, உன் முடிக்கு மேல ரெண்டு எம்.எம். போதும்" என்று சொல்லும் பார்லர்க்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேட்டதையெல்லாம் வைத்துவிடுபவரைவிட அவர் தொழில் தெரிந்தவர்.

ஒட்டப்படும் முடி பெரும்பாலும் பி.பி.டி. என்னும் ஒருவகை பாலியெஸ்டர் இழை. பெட்டியில் சில்க், மிங்க் என்று போட்டிருந்தாலும் அநேகமாக உள்ளே இருப்பது இதுதான். இழையின் தடிமன் 0.03 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. ஒரு முடிக்கு ஓர் இழை வைப்பது கிளாசிக். மிக மெல்லிய இழைகள் சிலவற்றை விசிறிபோல விரித்து ஒரே முடியில் வைப்பது வால்யூம். எந்த முறையானாலும் தாங்கப்போவது உங்கள் சொந்த முடிதான்; அதன் பலத்துக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது.

அந்த முடிக்கு ஆயுளும் குறைவு. தலைமுடி வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். இமைமுடி சில வாரங்களே வளர்ந்து, நின்று, ஓய்ந்து, சில மாதங்களில் தானாக உதிர்ந்துவிடும். நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து முடி வரை உதிர்வது இயல்பு. உதிரும் முடி தன்மேல் ஒட்டிய இழையையும் கொண்டுபோகும். தலையணையில் கிடக்கும் இழையின் அடியில் சொந்த முடியும் ஒட்டியிருக்கிறதே என்று பதற வேண்டாம். வலியில்லாமல் விழுந்தால் அது விழ வேண்டிய முடி. விழுந்த இடங்களை நிரப்ப, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்லரில் ரீஃபில்லுக்குக் கூப்பிடுவதும் இதனால்தான். எனவே 'ஆறு மாதம் அசையாது' என்று எழுதி வைத்திருக்கும் கடையை நம்பாதீர்கள்.

பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒரே வயதில் இருப்பதில்லை என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒன்று முளைத்துக்கொண்டிருக்கும், அடுத்தது உதிரக் காத்திருக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால், வளர்கிற முடி மற்றதை இழுக்கும். கிள்ளுவதுபோல் வலிக்கும்; நாளடைவில் வேரே பலவீனமாகி அந்த இடம் வழுக்கையாகும். நேரத்தை மிச்சப்படுத்த, முடிச்சுப் போட்ட கொத்துகளை நாலைந்து முடிகள் மேல் அப்படியே அழுத்தி, வாரக்கணக்கில் நிற்கும் பசையால் ஒட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். இமைமுடிக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு இந்தக் கொத்தால்தான் என்பது என் அபிப்பிராயம். முறையாகச் செய்தால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு ட்வீசரால் மற்ற முடிகளை விலக்கி ஒரே ஒரு முடியைத் தனியே பிரித்து, இன்னொரு ட்வீசரால் இழையைப் பசையில் தொட்டு, இமைத்தோலிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பசை தோலில் படவே கூடாது. இப்போதுதான் முளைத்த குட்டி முடிகளைத் தொடாமல் விட வேண்டும். முடிந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் சீவிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் போக வேண்டும். அரை மணியில் வேலை முடிந்தால் எழுந்து கண்ணாடியில் கொஞ்சம் நெருங்கியே பாருங்கள்.

பசை சயனோஅக்ரிலேட் வகை, ஃபெவிக்விக்கின் உறவுக்காரன். அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு உலர்ந்த அறையில் மெதுவாக இறுகி, அதுவரை ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் சட்டென்று இறுகி முறுகிப்போகும். மேசையில் ஈரப்பத மீட்டர் வைத்து அதைப் பார்த்து வேலை செய்பவர் விஷயம் தெரிந்தவர். ஜப்பான் மருத்துவர்கள் 2012இல் கண் மருத்துவ இதழ் ஒன்றில், எக்ஸ்டென்ஷனுக்குப் பிறகு கண் தொல்லையோடு வந்த 107 பேரைப் பற்றி எழுதினார்கள். 64 பேருக்குக் கருவிழியிலும் வெண்படலத்திலும் அழற்சி, 42 பேருக்கு இமையில் ஒவ்வாமை. அவர்கள் சோதித்த மூன்று பசைகளிலும் ஃபார்மால்டிஹைடு இருந்தது. இந்த வேலைக்கு அழகுக்கலை உரிமம் வேண்டும் என்று ஜப்பான் அரசு 2008லேயே தெளிவுபடுத்திவிட்டது. நம் பக்கம் சில நாள் வகுப்புக்குப் போய்வந்தவரும் கடை போடலாம், விசாரிக்கும் பொறுப்பு நம் தலையில்.

கல்யாணப் பெண்ணாக இருந்தால் ஒரு வாரம் முன்பே காதுக்குப் பின்னாலோ, ஓரத்தில் ஓரிரு முடியிலோ பசையைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். ஒவ்வாமை வெளிப்பட ஒன்றிரண்டு நாள் ஆகலாம்; முகூர்த்தத்தன்று காலையில் வீங்கிய கண்ணோடு நிற்க முடியாது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதமில்லை, நாலாவது தடவையில் திடீரென்று ஒவ்வாமை வருவதுண்டு. எண்ணெய், மஞ்சள் பூசும் சீரெல்லாம் முடிந்தபின், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வைத்தால் நல்லது. எண்ணெய் பசையின் பிடியைத் தளர்த்தும் என்பதால், தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்றால், ராத்திரி கழற்றி வைத்துவிடக்கூடிய, பட்டையாக வரும் செயற்கை இமைமுடியே போதும் என்பேன். அப்போதும் அந்தப் பசையை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

வைத்த முதல் நாள் தண்ணீர், ஆவி, அடுப்பு அனல் வேண்டாம். அதற்குப் பிறகு பலர் செய்யும் தவறு, இழை விழுந்துவிடுமோ என்று பயந்து கழுவாமலே விட்டுவிடுவது. இழைகளின் அடியில் எண்ணெய்ப் பசையும் செதிலும் பஞ்சும் சேரும். அங்கே பாக்டீரியாவும் டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணியும் பெருகி இமை ஓரம் சிவக்கும், அரிக்கும். தினமும் இரவு, எண்ணெயில்லாத லேஷ் கிளென்சர் நுரையை மெல்லிய பிரஷ்ஷால் வேரோரம் தடவி, தண்ணீரில் அலசி, ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் சிக்கும். கண்ணுக்குள் மை தீட்டும் வழக்கமுள்ளவர்கள் அதைக் கொஞ்சநாள் நிறுத்த வேண்டியிருக்கும், அழிக்கத் தேய்க்கும் தேய்ப்பில் இழையும் போகும், முடியும் போகும். திருமூர்த்தி மலைக்குப் போனால் பஞ்சலிங்க அருவிக்கு முகத்தைக் கொடுக்காமல் முதுகைக் கொடுங்கள். ஸ்கூட்டியில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி ஓட்டினால் இழைக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

கண்கட்டி, இமை அழற்சி, வறண்ட கண் இருப்பவர்களும், கண் அறுவை சிகிச்சை செய்து அதிக நாள் ஆகாதவர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இழை வைக்கப் படுக்கும் முன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

பசை கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். இமைகள் ஒட்டிக்கொண்டாலும் பிய்க்காதீர்கள். எரிச்சலோ மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பார்லருக்கு மறுபடி போவது அதற்குப் பிறகு.

இழையை எடுக்கும்போதும், வைக்கும்போது காட்டிய அதே பொறுமை வேண்டும். ஜெல் அல்லது கிரீம் ரிமூவர் போட்டுப் பசையை இளக்கித்தான் இழையை உருவ வேண்டும். டி.வி. பார்த்துக்கொண்டே விரலால் பிடுங்கினால் வேரோடு வரும். அப்படி வந்த முடி திரும்ப முளைக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் முளைக்காமலே போகலாம். இடைவெளியை நிரப்ப சீரம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைமாட்டோபிராஸ்ட் என்னும் கண் அழுத்தச் சொட்டு மருந்து இமைமுடியை நீளமாக்குவதைக் கண்டு, 2008இல் அமெரிக்கா அதற்கே தனியாக அனுமதி கொடுத்தது. ஆனால் அது இமைத்தோலைக் கருக்கச் செய்யும், சிலருக்குக் கண்ணின் நிறத்தையும் மாற்றும், மாறிய நிறம் திரும்பாது. மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் வாங்கிப் போடாதீர்கள்.