நடுகல் முன்னே ஒரு வடிவமைப்பு வகுப்பு

தருமபுரியில் மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகத்தின் பெரிய சொத்து நடுகற்கள். மாடு கவர வந்தவர்களோடு மோதியும், புலியோடு மல்லுக்கட்டியும் உயிர்விட்ட ஊர்க்காரர்களுக்காக நட்ட கற்கள் அவை. வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு இவற்றைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது. ஆனால் நம்மூரில் ‘டிசைன்’ என்றால் திருமண அழைப்பிதழும் பிளெக்ஸ் பேனரும்தான் நினைவுக்கு வருகின்றன.

பல்லவர் காலத்து நடுகல் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். கால்களை மடக்கிப் பாயும் நிலையில் வீரன். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் கிண்டியும் சிமிழும். மேலே வட்டெழுத்தில் சில வரிகள்: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், இறந்தவன் யார், எப்படி இறந்தான். ஒரே பலகைக் கல்லில் படமும் செய்தியும் அடங்கிவிட்டன. படிக்கத் தெரியாதவருக்குப் படம், தெரிந்தவருக்கு எழுத்து. இன்றைய காட்சிப் பலகைகள் பலவும் திணறும் வேலையை அந்தக் கல்தச்சர் பதின்மூன்று, பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்டார்.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல் இன்னும் சுவையானது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் இருந்தது என்று கல்வெட்டே சொல்கிறது. இப்படிப்பட்ட கல்லின் கீழே ‘நடுகல், கி.பி. 7ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதி வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் அடுத்த கல்லுக்கு நகராமல் என்ன செய்வார்கள்?

மாணவர்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. முதலில் வெளிச்சம். நடுகல்லின் புடைப்பு பெரும்பாலும் ஆழம் குறைந்தது, எழுத்து அதைவிட மெல்லியது. நேர் எதிரே குழல் விளக்கைப் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். அதே விளக்கைப் பக்கவாட்டில், கல்லின் முகத்தை உரசிப் போகும்படி வைத்தால் ஒவ்வொரு கீறலும் நிழல் விட்டு எழுந்து நிற்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் காலையிலும் மாலையிலும் களத்துக்குப் போக விரும்புவதற்கு இந்தச் சாய்வெயிலும் ஒரு காரணம். அடுத்தது விளக்கப் பலகை: எத்தனை சொல், எந்த உயரம், சக்கர நாற்காலியில் வருபவர் கண்ணுக்கு எட்டுமா? பிறகு தொட்டுப் பார்க்க ஒரு மாதிரி. கைபேசியில் பல கோணங்களில் எடுத்த படங்களை மென்பொருளில் கோத்தால் கல்லின் முப்பரிமாண வடிவம் கிடைக்கும்; அதை அச்சிட்டுப் பிரெயில் குறிப்போடு வைத்தால் பார்வையற்றவரும் வில்லின் வளைவைத் தடவி அறியலாம்.

மாணவர் கையில் வரலாற்றுக் காட்சியா என்று தயங்குபவர்களுக்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் 1958ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆரம்பகாலப் பெரும்பணிகளில் ஒன்று, ஈம்ஸ் குழுவோடு சேர்ந்து உருவாக்கிய நேரு வரலாற்றுக் கண்காட்சி. 1965இல் நியூயார்க்கில் அது திறக்கப்பட்டது.

இன்னும் நெருக்கமான உதாரணம் அதே அகமதாபாத்தின் மிர்சாபூரில் இருக்கிறது. பெங்களூரு சிருஷ்டி கல்லூரியில் படித்த அவ்னி சேத்தி, தன் படிப்புக்கான திட்டமாக யோசித்ததே 2013இல் ‘கான்ஃப்ளிக்டோரியம்’ என்ற அருங்காட்சியகமாகத் திறந்தது. ஜன்விகாஸ் உள்ளிட்ட சமூக அமைப்புகள் கைகொடுத்தன. அதன் பேசுபொருள் மோதல்கள்: நகரம் பேசத் தயங்கும் வகுப்புவாத, சாதிக் காயங்கள். அங்கே ஒரு மன்னிப்பு மரம் உண்டு. பார்வையாளர்கள் மன்னிப்பை எழுதி அதில் கட்டிவிட்டுப் போகலாம். பார்க்க வந்தவரே காட்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறார்.

தருமபுரியில் அந்தப் பங்கேற்புக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. மாவட்டத்தின் பல ஊர்களில் நடுகல் இன்றும் வேடியப்பன் சாமி. பொங்கல் வைக்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள். ஆய்வாளருக்கு ஆவணமாக இருப்பது அவர்களுக்குக் குலதெய்வம். அதனால் கேமராவோடு போகும் மாணவர் ஊர்ப் பெரியவரிடமும் பூசாரியிடமும் கேட்டுவிட்டுத்தான் கல்லை நெருங்க வேண்டும். எழுத்து தெரியட்டுமே என்று தானாக எண்ணெயைத் துடைக்கப் போனால் வம்புதான். மாறாக, ஊரார் சொல்லும் வேடியப்பன் கதையைக் குரல்பதிவு செய்து, கல்வெட்டு சொல்லும் செய்தியோடு அருகருகே வைக்கலாம். இரண்டும் பொருந்தாமல் போனாலும் பரவாயில்லை. அந்த இடைவெளியும் வரலாறுதான்.

செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, நகரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பெங்களூருவின் வடிவமைப்புக் கல்லூரிகள் சுமார் 130 கி.மீ. தொலைவில். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் காலக்கணக்கில். மாணவருக்கு ஒரு பருவம் நான்கைந்து மாதம். அகழ்வைப்பகத்துக்கோ அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் உண்டு. மதிப்பெண் வந்ததும் இணையதளத்துக்குப் பணம் கட்ட ஆளில்லாமல் கியூஆர் கோடு செத்துப்போவது இத்தகைய திட்டங்களின் வழக்கமான வியாதி. விளக்கு எரிந்துபோனால் மாற்றுவது யார், குரல்பதிவுகள் யாரிடம் இருக்கும், அவற்றின் பிரதி ஊராருக்கும் உண்டா என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே எழுதி, கல்லூரியும் துறையும் ஊராரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.