பட்டமும் பிழைப்பும்: பாடநெறிகள் மாறுவது எப்படி?

உயர்தரப் பெறுபேறு வந்து இஸட் புள்ளியும் வெளியானால் நம் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கும். "அல்ஹம்துலில்லாஹ், மகளுக்கு கெம்பஸ் கெடச்சிரும். ஆனா ஆர்ட்ஸ் படிச்சா வேல கெடைக்குமா?" என்பார் வாப்பா. "மொதல்ல படிக்கட்டும், வேலய பொறகு பாப்பம்" என்பார் உம்மா. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இக்கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. 1960களில் கலைப்பீடங்களில் சுயமொழிக் கல்வி வந்தபின் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. ஆனால் படித்தவர்கள் பெருகிய வேகத்தில் அரச உத்தியோகம் பெருகவில்லை. 1971 கிளர்ச்சியில் படித்த இளைஞர் பலர் இணைந்தனர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் இங்கு வந்த சர்வதேச தொழில் அமைப்பின் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள தொழில்களுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. பின்னர் தொழில் நோக்கிய பாடநெறிகள் சில அறிமுகமாயின. பெயரை மாற்றினால் மட்டும் வேலை வராது; அப்படிப்பை விளங்கி ஆள் எடுப்பவரும் வெளியில் இருக்க வேண்டும். காணி, கட்டட மதிப்பீட்டாளருக்கு அரச திணைக்களத்திலும் வங்கிகளிலும் தேவை இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் சொத்து முகாமைத்துவமும் மதிப்பீடும் என்ற கற்கை இன்றும் நடைபெறுகிறது.

ஒரு பாடநெறி ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. துறை விரிவுரையாளர்கள் வரைவு தயாரிப்பர். அது பீடச் சபைக்கும் மூதவைக்கும் செல்லும். புதிய பட்டமாயின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் வேண்டும். இதனால் தொழிற்சந்தை இன்று கேட்பதை பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் பிந்தியே கொடுக்கிறது.

சில மாற்றங்கள் பாடசாலையிலிருந்தே தொடங்குகின்றன. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. முதல் தொகுதியினர் 2015இல் பரீட்சை எழுதினர். அவர்களை உள்வாங்கவே பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பீடங்கள் உருவாயின. நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமானது. கலை, முகாமைத்துவம் என்று ஆரம்பித்த இடத்தில் இன்று பிரயோக விஞ்ஞானம், இஸ்லாமியக் கற்கைகளும் அரபு மொழியும், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்களும் இருக்கின்றன.

இஸட் புள்ளி போதாத பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமம். டிப்ளோமா தகைமையோடு இரத்மலானை தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். "கராஜ்ல வேல பழகுற பொடியன்" என்று நாம் இளக்காரமாகப் பார்ப்பவனும் அவ்வழியே பட்டதாரியாகலாம்.

அப்படியானால் கலைப்பீடம் வேண்டாமா? வேண்டும். நமது ஊர்களின் வரலாற்றையும் வாய்மொழி இலக்கியத்தையும் சமூகப் பிரச்சினைகளையும் ஆராய வேறு யார் வருவார்? அப்பாடங்களை அகற்றாமல் கள ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு, மொழிபெயர்ப்பு, ஆங்கிலம், சிங்களம் என்பவற்றை அவற்றோடு சேர்ப்பதே சரியான மாற்றம். தமிழில் மட்டும் படித்து வெளியேறும் பிள்ளை கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்கத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அது பிள்ளையின் குறையல்ல, பாடவிதானத்தின் குறை.

ஆகவே விண்ணப்பம் நிரப்புமுன் வாப்பாவும் மகளும் சேர்ந்து நான்கு விடயங்களை விசாரிக்கட்டும்: எந்த மொழியில் கற்பிக்கிறார்கள்? தொழிற்பயிற்சி உண்டா? பாடத்திட்டம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? முன்பு படித்து வெளியேறியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கான பதில் கைநூலில் இருக்காது. பக்கத்துத் தெருவிலுள்ள பட்டதாரியைத் தேடிப்போய்க் கேட்பதுதான் வழி.