இரவுக் கச்சேரியில் ஒளிப்படம்

ஒளி இருந்தால்தான் ஒளிப்படம். ஆனால் கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் நாதசுவரக் கச்சேரி களைகட்டுவதோ இரவு பத்து மணிக்குமேல். அப்போது பந்தலில் இருப்பவை நான்கைந்து குழல்விளக்குகளும் நிறம் மாறிக்கொண்டேயிருக்கும் சீரியல் விளக்குகளுந்தாம். இந்த ஒளியில் தவில் வாசிப்பவரைப் படம் எடுப்பது எங்ஙனம்?

விடுமுறை நாட்களில் ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு உதவியாளனாகக் கல்யாண வீடுகளுக்குச் செல்பவன் நான். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அதிலிருந்துதான் வருகிறது. கல்யாண ஆல்பங்களில் மேளக்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தாலி கட்டும் படத்தின் ஓரத்தில், பாதித் தவிலாக! என் தாய்மாமன் ஐம்பது ஆண்டுகளாகத் தவில் வாசிப்பவர். அவர் வாசிக்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. தோள்வலியால் இந்த ஆண்டுத் திருவிழாவோடு தவிலை இறக்கிவைத்துவிடுவதாக அவர் சொன்னபோது, எனக்கு எஞ்சியிருந்தது ஓர் இரவு.

பிளாஷ் போட்டால் ஆயிற்றே என்பர் சிலர். ஒளிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று நாம் படித்திருக்கிறோம். 2 மீட்டரில் இருக்கும் தவில்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் கால்பங்குதான் 4 மீட்டரில் இருக்கும் நாதசுவரக்காரருக்குக் கிடைக்கும். முன்னவர் வெளுத்துப்போவார், பின்னவர் இருளில் மறைவார். மேலும், கணக்கில் ஆழ்ந்திருக்கும் ஒருவரின் கண்ணில் மின்னலடிப்பது மரியாதையும் அன்று.

ஆகவே இரவல் காமிராவில் லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை திறந்தேன். ஐ.எஸ்.ஓ. 3200. ஷட்டர் 1/100 வினாடி. நண்பகல் வெயிலில் தேவைப்படும் ஒளியில் ஏறத்தாழ 2,500-இல் ஒரு பங்கு இந்த அமைப்புக்குப் போதும். 1/100-க்கும் காரணம் உண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த குழல்விளக்கு அதனால் 100 முறை மங்கி ஒளிரும். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும்.

ஆனால் பூவரசங்கழியின் நுனி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 1/100 வினாடிக்குள் அது 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கழி இருந்த இடத்தில் புகைதான் தெரியும். 1/1000 வைக்கவோ பத்து மடங்கு ஒளி வேண்டும்; அது பந்தலில் இல்லை.

இங்கே கைகொடுப்பது தாளம். ஊசல் தன் வீச்சின் எல்லையில் ஒரு கணம் நின்று திரும்புகிறதல்லவா? கையும் அப்படியே. மூன்று முறை வரும் தீர்மானம் முடிந்து சமத்தில் விழுந்ததும், ஓங்கிய கை ஒரு நொடி மேலேயே நிற்கும். சிறுவயதிலிருந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டவனுக்கு அந்த நொடி முன்கூட்டியே தெரியும். விலையுயர்ந்த லென்ஸைவிட அது பெரிய வசதி என்பேன். சீரியல் விளக்கின் சிவப்பு முகத்தில் படிந்த படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக்கொண்டேன்.

அன்றிரவு எடுத்தவை 212. தேறியவை 9. அவற்றுள் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டோம். மணல்போல் புள்ளிகள் தெரிகின்றன. வலக்கை விரல்கள் கலங்கியிருக்கின்றன. இடக்கையின் கழி மட்டும் அசையாமல் நிற்கிறது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மோதிர விரலில் கூடு சற்றுத் தளர்ந்திருக்கிறது என்றார்.