நம் தெரு பாதுகாப்பானதா?

உழவர்கரைப் பகுதியில் வீடு பார்க்க வருகிறவர்கள், குடிநீர் வசதி, பள்ளிக்கூடம், பள்ளிவாசல் எல்லாவற்றையும் விசாரித்த பின்னர்க் குரலைத் தாழ்த்தி மற்றொன்றையும் கேட்பார்கள்: "இந்தப் பக்கம் பயமில்லாமல் இருக்கலாமா?" பெண் மக்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குடியேறுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அதற்கான பதிலை நாம் சரியான இடத்தில் தேடுகிறோமா என்பதை வாசகர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

புதுச்சேரி என்றதும் வெளியூரார் கடற்கரையை ஒட்டிய பழைய நகரத்தையே நினைக்கின்றனர். உண்மையில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உழவர்கரை நகராட்சியில் வசித்தோர் ஏறத்தாழ 3 லட்சம் பேர். புதுச்சேரி நகராட்சியைவிட இது அதிகம். 2001இல் இங்கிருந்தோர் 2 லட்சத்துச் சொச்சம் பேரே. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், இலாசுப்பேட்டை என எப்பக்கம் திரும்பினாலும் புதிய நகர்கள். ஜிப்மர் மருத்துவமனை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை என்று பிழைப்புத் தேடி வந்தோர் பலர். சுற்றுச்சுவர் உயர்ந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே ஆண்டுகள் கழிகின்றன.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பாதுகாப்பை அளக்க நாம் முதலில் நாடுவது குற்ற வீதம். 1953 முதல் ஆண்டறிக்கையாகத் தொகுக்கப்பட்டு, இன்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தால் வெளியிடப்படும் கணக்கு அது. பதிவான வழக்குகளை மக்கள்தொகையுடன் ஒப்பிட்டு, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வார்கள். 3 லட்சம் பேர் வாழும் ஓர் ஊரில் 600 வழக்குகள் பதிவானால் வீதம் 200.

இங்கே இரண்டு செய்திகளை மறந்துவிடலாகாது. ஒன்று, அந்த அறிக்கை நம் தெருவைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை. மற்றொன்று, அது எண்ணுவது நடந்த குற்றங்களை அன்று. காவல் நிலையத்தில் பதிவான குற்றங்களை. அதிலும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் ஏறும். ஆகவே, புகாரைத் தயங்காமல் வாங்கும் ஊரில் வீதம் உயர்ந்து தோன்றலாம். வாய் மூடிக் கிடக்கும் ஊரில் அது தாழ்ந்து தோன்றலாம். குறைந்த எண் அமைதியின் அடையாளமாகவும் இருக்கும். அச்சத்தின் அடையாளமாகவும் இருக்கும்.

அந்நியன் மட்டுமா ஆபத்து?

2024 மார்ச் மாதத்தை நாம் எளிதில் மறக்க முடியாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி மார்ச் 2ஆம் நாள் காணாமற்போனாள். மூன்று நாட்களுக்குப் பின் அதே வட்டாரத்துச் சாக்கடையிலிருந்து அவளது உடல் எடுக்கப்பட்டது. ஊரே கொதித்தது; கடைகள் அடைக்கப்பட்டன. கைது செய்யப்பட்ட இருவரும் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். அதே பகுதியில் வசித்தவர்கள்.

நாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? "தெரியாதவர் கூப்பிட்டால் போகாதே." நல்ல அறிவுரை, ஆனால் பாதி அறிவுரை. நாடெங்கும் ஆண்டுதோறும் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர் என்று அதே காப்பகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர் ஆகியோரும் இதில் அடங்குவர். நம் வாயிற்கதவின் பூட்டு இவர்களைத் தடுக்காது.

இத்தகைய குற்றங்களே வெளியில் வராமல் மறைக்கப்படுகின்றன. "குடும்ப மானம் போய்விடும், பெண்ணுக்கு நாளை திருமணம் ஆக வேண்டாமா?" என்று பெரியவர்களே வாயை அடைக்கின்றனர். ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. பேசி முடிக்கக்கூடிய வழக்கன்று இது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். மூடி மறைத்த வீட்டுக் குழந்தை ஊமையாய் வாடுகிறது. தீங்கு செய்தவன் அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறான்.

புகார் கொடுப்பது முன்பைவிட இப்போது எளிது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாக அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. நிலையத்தில் வாங்க மறுத்தால், எழுத்து மூலமாகக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்.

திண்ணை போன பின்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியாயிற்று. ஒருவரையொருவர் நம்பி, தெருப் பிள்ளைகள் தவறு செய்யக் கண்டால் தட்டிக் கேட்கும் மக்கள் வாழ்ந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. ஏழ்மையைக் கணக்கில் கொண்ட பின்பும் இந்த வேறுபாடு நிலைத்தது. இதை நம் முன்னோர் ஆய்வு செய்யாமலே அறிந்திருந்தனர். புதுச்சேரியின் பழைய தமிழர் தெருக்களில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. அங்கே அமர்ந்திருந்த பாட்டி, யார் வீட்டுப் பிள்ளை எப்போது போயிற்று, எப்போது திரும்பிற்று என்று அறிந்திருந்தார்.

புதிய நகர்களில் திண்ணை இல்லை. அதன் இடத்தில் கண்காணிப்புக் கேமராவை வைத்திருக்கிறோம். நடந்து முடிந்ததை அது காட்டித் தரும், "ஏனம்மா இந்த நேரத்தில் தனியாக நிற்கிறாய்?" என்று கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

எனவே, சகோதர சகோதரிகளே, இந்த இதழை மூடி வைத்ததும் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930 என்னும் எண்களை வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்தில் எழுதி ஒட்டுங்கள். பிறகு, உங்கள் வீட்டுக்கு இருபுறமும் எதிரிலும் வசிப்போரின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். தெரியாத பெயர் ஏதேனும் இருந்தால், இன்று மாலையே அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஸலாமோ வணக்கமோ சொல்லி அறிமுகமாகுங்கள்.