இணையிடைச்சொற்கள்: ஆங்கில வழக்கும் தமிழ் உம்மையும்

ஆங்கிலத்தில் இணையாக நின்று சொற்களையும் தொடர்களையும் பிணைக்கும் இடைச்சொற்கள் சில உள. ‘போத் – அண்ட்’, ‘ஐதர் – ஆர்’, ‘நைதர் – நார்’, ‘நாட் ஒன்லி – பட் ஆல்சோ’ என்பன அவற்றுள் பெருவழக்கின. ஆய்வேட்டுச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதும் தமிழ் மாணவர் இவற்றைக் கையாளுங்கால் பொருள் பிறழ்தலை யாம் பலகாற் கண்டுள்ளோம். அதன் காரணத்தை இருமொழி இயல்பு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல் நிற்கும் இடம் நோக்கற்பாலது. இணையின் முதற்சொல்லை அடுத்து எவ்வகை உறுப்பு நிற்குமோ, அவ்வகை உறுப்பே இரண்டாம் சொல்லை அடுத்தும் நிற்றல் வேண்டும். ‘ஹி ரீட்ஸ் போத் போயட்ரி அண்ட் புரோஸ்’ என்பது வழு இலது. ஈரிடத்தும் பெயரே நின்றது. ‘ஹி போத் ரீட்ஸ் போயட்ரி அண்ட் புரோஸ்’ என்பதோ வழூஉ. ‘போத்’ என்பதனை அடுத்து வினை நின்றமையின், ‘அண்ட்’ என்பதன் பின்னும் வினையொன்றை எதிர்நோக்கிக் கற்பார் இடர்ப்படுவர். ‘நாட் ஒன்லி’ என்பதற்கும் இவ்விதி ஒக்கும்.

‘செய்யுளையும் உரைநடையையும் பயில்கிறான்’ என்னும் தமிழ்த் தொடரில் இவ்வழு நேராது. உம்மை தான் எண்ணும் சொல்லோடு ஒட்டியே நிற்றலின் இடம் பெயர வழியில்லை. மேலும் ஈரிடத்தும் ஓருருபே வருதலின் உறுப்புக்களின் ஒப்புமை வெளிப்படை. இலத்தீனில் ‘எத் – எத்’ எனவும், பழைய ஆங்கிலத்தில் ‘யெ – யெ’ எனவும் ஒரு சொல்லே இருமுறை வந்தது. இக்கால ஆங்கிலத்திலோ இணையின் இரு சொற்களும் வேறு வேறாய், பெயரைச் சாராது தனித்து நிற்பன. ஆதலின் இடம் பிறழ்தல் எளிதாயிற்று.

எண்ணிக்கையும் கருதத்தக்கது. உம்மை எத்தனை பொருளையும் எண்ணும். ‘போத்’ இரண்டற்கே உரியது. ‘சேரரும் சோழரும் பாண்டியரும்’ என்புழி அச்சொல்லைப் பெய்தல் பொருந்தாது.

இனி, எதிர்மறையே பெரிதும் விழிப்புக்குரியது. முற்றும்மை ஒரோவழி எச்சப்பொருளும் தரும் என்பது தொல்காப்பியர்க்கும் நன்னூலார்க்கும் உடன்பாடு. ‘எல்லாரும் வந்திலர்’ என்புழிச் சிலர் வந்தனர் என்பதும் பெறப்படும். அங்ஙனமே ‘இரண்டு சுவடிகளும் கிடைக்கவில்லை’ என்பதும் இருபொருள் படும். அதனைச் சொல்லுக்குச் சொல்லாக ‘போத்’ என்பதனொடு ‘நாட்’ சேர்த்து ஆங்கிலத்தில் எழுதின், ஐயம் அங்கும் தொடரும். ஒன்றும் கிடைத்திலது எனின் ‘நைதர்’ என்றே எழுதுதல் வேண்டும். இரு சுவடிகளையும் பெயர் சுட்டிக் கூறின் ‘நைதர் – நார்’ என்க. ஒன்று மட்டும் கிடைத்ததெனின் ‘ஒன்லி ஒன்’ எனத் தெளித்துக் கூறுக. ஒரு சுவடி உளதா இலதா என்பது பதிப்பாசிரியர்க்குச் சிறு செய்தியன்று. இல்லையென மயங்கி ஒருவர் தேடாது விடின், உள்ள பாடமும் ஒப்புநோக்கப்படாது ஒழியும்.

ஆகவே, ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர் உம்மையின் பொருளை முதலில் தமிழிலேயே வரையறுத்துக்கொள்ளுதல் நலம். எண்ணோ, முற்றோ, எச்சமோ எனத் துணிந்தபின், அதற்கேற்ற இணையைத் தேர்ந்து உரிய இடத்து நிறுத்துதல் அரிதன்று.