உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளத்தை இணைக்கும் எலக்ட்ரான்கள்

மின்சாரம் இல்லாமலே தண்டவாளங்களைப் பற்றவைக்கலாம். அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த தெர்மிட் கலவை போதும். கொளுத்தியதும் ஒவ்வோர் அலுமினிய அணுவும் மூன்று எலக்ட்ரான்களை இழக்கிறது, இது ஆக்சிஜனேற்றம். அவற்றைப் பெற்று இரும்பு அயனி உலோக இரும்பாகிறது, இது ஒடுக்கம். கொடுக்க ஒன்று இல்லாமல் வாங்க இன்னொன்று ஏது? அதனால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும்.

இதில் வியப்பே அந்த வெப்பம்தான்: ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ்! இரும்பு உருக 1,538 போதும். உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கி இடைவெளியை நிரப்ப, அடர்த்தி குறைந்த அலுமினியம் ஆக்சைடு கசடாக மேலே மிதக்கும். ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். 1899இல் எஸ்ஸன் நகர டிராம் பாதையில் பயன்பட்டது.