அவளைச் சுற்றி
மார்க் ஷகால், 1945. எண்ணெய் வண்ண ஓவியம்

மார்க், அவர் மனைவி பெல்லா இருவரும் இன்றைய பெலாரஸில் உள்ள வீதெப்ஸ்க் ஊர்க்காரர்கள், யூதர்கள். நாஜிகளுக்குப் பணிந்த பிரான்ஸிலிருந்து தப்பி, 1941 ஜூனில் நியூயார்க் சேர்ந்தார்கள். மறு மாதமே வீதெப்ஸ்க் ஜெர்மானியப் படையிடம் வீழ்ந்தது.

1944 செப்டம்பரில், பாரிஸ் விடுதலையான சில நாள்களில், தொற்றுநோயால் பெல்லா இறந்தார். ஷகால் பல மாதங்கள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு, 1933இல் தீட்டிய தன் பெரிய சர்க்கஸ் ஓவியத்தை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியின் மேல் உருவானதே இது.

வலப்புறம் அழுபவர் பெல்லா. நடு உருண்டைக்குள் தெரிவது வீதெப்ஸ்க். இடப்புறம் தலைகீழாய்த் திரும்பிய தலையோடு ஓவியர்.

பெல்லா இத்திஷ் மொழியில் எழுதிய நினைவுகள் அவர் மறைவுக்குப் பிறகே, ஷகாலின் சித்திரங்களோடு நூலாயின.